பைப்புக்காரர் பார்த்த எண்ணெய்

பெட்ரோல் விலை ஏறிய அந்த வருடம் காஞ்சிபுரம் கார் ஸ்டாண்டில் ஓடியது எங்கள் வாய்கள் மட்டும்தான். ஏழு கார்கள் வரிசையாக நிற்கும். ஏழு டிரைவர்களும் முதல் காரின் முன்னால் கூடி அரபு நாட்டு அரசர்களைத் திட்டிக்கொண்டிருப்போம். கல்யாணப் பட்டு எடுக்க மதராஸிலிருந்து வருகிறவர்கள் அதற்கு முன்பெல்லாம் கோயில் மூன்று, கடை நான்கு என்று நாள் முழுக்க என் வண்டியை வைத்துக்கொள்வார்கள். விலை ஏறியதும் பஸ்ஸில் வந்து இறங்கி நேரே ஜட்கா ஏறிவிட்டார்கள். ஜட்காக்காரர்களுக்கு அப்போது வந்த திமிரைச் சொல்லி முடியாது. ஒருத்தன் தினமும் எங்களுக்கு எதிரே வண்டியை நிறுத்திக் குதிரைக்குக் கொள்ளு வைப்பான். "சாப்டு ராஜா, இது கப்பல்ல வர்ற சரக்கு இல்ல" என்று குதிரையிடம் சொல்வான், எங்கள் காதில் நன்றாக விழும்படி.

ஸ்டாண்டில் இரண்டு கட்சி இருந்தது. நம் மண்ணுக்கு அடியிலேயே எண்ணெய் கொட்டிக்கிடக்கிறது, தோண்டத்தான் ஆளில்லை, தோண்டியதையும் எவனோ மூடி வைத்துவிட்டான் என்பது ஒரு கட்சி. அதற்குத் தலைவன் நான். நம் ஊரில் சொட்டுகூடக் கிடையாது, அவன் ஊற்றினால்தான் நம் சக்கரம் சுற்றும், வாயை மூடிக்கொண்டு கேட்ட விலையைக் கொடு என்பது இன்னொன்று. அதற்குத் தலைவர் எங்களில் மூத்த டிரைவர். இரண்டு தலைவர்களுமே எண்ணெய்க் கிணற்றைப் படத்தில்கூட ஒழுங்காகப் பார்த்ததில்லை.

பார்த்தவர் ஒருவர் இருந்தார். ஸ்டாண்டுக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகை அவருடையது. அதில் நீள நீளமான இரும்புக் குழாய்களும் குழாயை இறக்க மூன்று கால் நிறுத்துவதற்கான மரங்களும் கிடக்கும். வயல் கிணறு வற்றினால் அதன் அடியில் குழாய் இறக்கித் தண்ணீர் தேடுவது, அதாவது போர் போடுவது, அவர் தொழில். அதற்கு முன்னால் ஐந்து வருடம் காவிரி டெல்டா பக்கம், சர்க்கார் எண்ணெய் தேடித் துளை போட்ட இடத்தில் கூலியாக இருந்தவர். பெயரை எழுதப்போவதில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. ஸ்டாண்டிலும் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, பைப்புக்காரர் என்போம். உயரமான ஆள், குழாய் சுமந்து சுமந்து வலது தோள் ஒரு பக்கமாக இறங்கியிருக்கும். காலையும் மாலையும் எங்களோடு டீ குடிப்பார்.

விலை ஏறின புதிதில் நான் அவரை மடக்கினேன். "அண்ணா, நீங்க அங்கியே இருந்தவரு. நம்ம மண்ணுல எண்ணெய் இருக்குதா இல்லியா, ஒரே வார்த்தை சொல்லிடுங்க" என்றேன்.

"நான் மூணு துளையில வேலை பாத்தேன்பா. ரெண்டுல சேறு வந்துது. ஒண்ணுல காத்து வந்துது. பத்த வச்சாங்க, எரிஞ்சுது. அவ்ளோதான் நான் பாத்தது."

"அப்ப இருக்குது" என்றேன் நான். "அப்ப இல்ல" என்றார் மூத்த டிரைவர். பைப்புக்காரர் டீயைக் குடித்து டம்ளரைக் கவிழ்த்துவிட்டுப் போய்விட்டார். அன்று முழுவதும் அவர் சொன்னதை வைத்தே இரண்டு கட்சியும் அடித்துக்கொண்டோம்.

அதுதான் அவர். கண்ணால் பார்த்ததைச் சொல்வார். அதற்கு மேல் ஒரு அங்குலம் நகரமாட்டார். அனுமானம், வதந்தி, பேப்பரில் போட்டது, மச்சான் சொன்னது, எதுவும் அவர் வாயில் வராது. இப்படி ஒரு ஆளை வைத்துக்கொண்டு ஒரு விவாதத்தை எப்படி நடத்துவது? எனக்கு அவர்மேல் எரிச்சல்தான் அதிகம். ஆனால் டீக்கடையில் அவர் வரும் நேரம் தாண்டிவிட்டால் முதலில் தேடுகிறவனும் நான்தான்.

தொழிலிலும் அப்படியே. போர் போடுகிற மற்றவர்கள் தேங்காயை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வயலைச் சுற்றுவார்கள். தேங்காய் எழுந்து நிற்கும். நாற்பதாவது அடியில் ஆறே ஓடுகிறது என்று சத்தியம் செய்வார்கள். நிலக்காரனுக்கும் அதைக் கேட்டால்தான் தூக்கம் வரும். இவரிடம் தண்ணீர் வருமா என்று கேட்டால், "போட்டாத்தான் தெரியும்" என்பார். கேட்டவன் தேங்காய்க்காரனிடம் போய்விடுவான்.

ஆனால் வேலை செய்கிற விதத்தை ஒருமுறை பார்த்தவர்கள் அவரை விடமாட்டார்கள். அவர் மனைவி வீட்டில் பட்டுத் தறி உண்டு. சேலையில் பூ விழுவதற்காகத் தறிக்கு மேலே துளை போட்ட அட்டைகளைக் கோத்துத் தொங்கவிடுவார்கள். டிசைன் மாறினால் பழைய அட்டைகள் வீண். அந்த அட்டைகளைக் கட்டாகக் கொண்டுபோவார். குழாய் ஐந்து அடி இறங்கியதும் மேலே வருகிற மண்ணில் ஒரு பிடி எடுத்து, முகர்ந்து, விரலில் தேய்த்து, ஒரு அட்டையில் வைப்பார். அட்டையில் பென்சிலால் எத்தனை அடி, என்ன மண், அன்று என்ன நடந்தது என்று எழுதுவார். வேலை முடியும்போது வரப்பில் இருபது முப்பது அட்டைகள் வரிசையாக இருக்கும். பூமிக்குள் என்ன இருக்கிறது என்று நிலக்காரன் வரிசையாக நடந்து பார்த்துக்கொள்ளலாம். பிறகு மண்ணைக் கொட்டிவிட்டு அட்டைகளைப் பாவு நூலால் கட்டி, ஊர்ப் பெயர் எழுதிக் கொட்டகையில் மாட்டிவிடுவார். யார் வேண்டுமானாலும் வந்து படிக்கலாம். யாரும் வந்ததில்லை.

ஒரு சமயம் அவர் தெருவில் ஒரு பையனுக்குப் பெண் பேசினார்கள். பெண் வீட்டார் அக்கம்பக்கத்தில் விசாரிக்க வந்தவர்கள் நேரே இவர் வீட்டுக் கதவைத் தட்டிவிட்டார்கள். பையன் எப்படி என்று கேட்டதற்கு, சனிக்கிழமை குடித்துவிட்டு வருவதைப் பார்த்திருக்கிறேன், மற்ற நாள் பார்த்ததில்லை, தறியில் கை சுத்தம், அதையும் பார்த்திருக்கிறேன் என்று மூன்றையும் ஒரே குரலில் சொல்லி அனுப்பினார். சம்பந்தம் முறிந்துவிட்டது. ஒரு வருடம் அந்தத் தெருவில் அவரோடு யாரும் பேசவில்லை. காலையில் தெரு முழுக்கத் தறிக்கான பாவு நூலை நீட்டியிருப்பார்கள், யார் போனாலும் ஒதுங்கி வழி விடுவார்கள், இவர் வந்தால் மட்டும் எவனும் நிமிர்ந்து பார்க்கமாட்டான். இவர் சுற்றிக்கொண்டு அடுத்த தெரு வழியாகக் கொட்டகைக்கு வருவார். அதையும் அவர் மனைவி சொல்லித்தான் நாங்கள் தெரிந்துகொண்டோம்.

இதெல்லாம் தெரிந்தும் நான் அவரை மேடையில் ஏற்றினேன். என் புத்தி அப்படி. எண்ணெய் விலையைக் கண்டித்துத் தேரடியில் ஒரு கூட்டம் போட்டார்கள். பேச்சாளர் என் கட்சி. டெல்டாவில் எண்ணெய் கிடைத்தும் அந்நியக் கம்பெனிகளுக்காக மூடிவிட்டார்கள் என்று முழங்கப்போகிறார். அங்கேயே வேலை செய்த ஆள் எங்கள் ஸ்டாண்டில் இருக்கிறார் என்று நான் போய்ப் பெருமையாகச் சொன்னேன். அவரை எப்படியாவது பேச வைக்கச் சொன்னார்கள். வைத்தேன்.

பைப்புக்காரர் மைக்கிடம் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றார். மூடியதை நான் பார்க்கவில்லை என்று ஆரம்பித்தார். குழாய் மாட்டிக்கொண்டதைப் பார்த்தேன், இஞ்சினீயர் ஒருவர் சாப்பிடாமல் இரண்டு நாள் துளைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்ததைப் பார்த்தேன், ஒன்றும் வராமல் கூடாரத்தைப் பிரித்ததையும் பார்த்தேன் என்றார். கூட்டத்திலிருந்து ஒருவன், அப்படியானால் தோண்டுவதே வீணா என்று கத்தினான். "தோண்டாம தெரியாதுபா. தோண்டினா இருக்கும்னும் இல்ல. நான்னா தோண்டுவேன்" என்று சொல்லிவிட்டுக் கும்பிட்டு இறங்கிவிட்டார். கை தட்டுவதா, கூச்சல் போடுவதா என்று தெரியாமல் கூட்டம் விழித்தது. பேச்சாளர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்திருக்க வேண்டும். ஒரு வாரம் நான் பைப்புக்காரருக்கு டீ சொல்லவில்லை. அவர் எனக்குச் சொன்னார். அதுவும் எரிச்சலாக இருந்தது.

இப்போது கூரத்துக் கதைக்கு வருகிறேன்.

பக்கத்துக் கிராமமான கூரத்தில் என் அக்காவைக் கொடுத்திருந்தது. மாமாவுக்கு அங்கே நிலமும் ஒரு கிணறும் உண்டு. முந்தைய வருடம் கிணறு வற்றிப்போய், என் சிபாரிசில் பைப்புக்காரர்தான் கிணற்றுக்குள் போர் போட்டுக் கொடுத்தார். நல்ல தண்ணீர். வீட்டுக்கும் அதுதான், பயிருக்கும் அதுதான். மாமா கரண்ட் மோட்டார் வைத்திருந்தார். டீசல் இஞ்சின் அந்தக் கிணற்றில் எந்தக் காலத்திலும் கிடையாது. அதற்கு முன்னால் மாட்டைக் கட்டித்தான் இறைத்தார்கள். இதைக் கவனத்தில் வையுங்கள், ஏனென்றால் நாங்கள் எல்லோரும் பிறகு அடித்துப் பேசியது இதை வைத்துத்தான்.

பங்குனி வெயிலில் தண்ணீர் இறங்கியபோது அக்கா குடத்தில் முதலில் பார்த்தாள். மேலே வானவில் மாதிரிப் படலம். ஏதோ வாடை. மாமா ஆள் அனுப்பினார். நான் போய்க் கிணற்றில் இறங்கி, துணியைத் தண்ணீர் மேலாகத் தோய்த்து, பிழிந்து, காயவைத்துத் தீக்குச்சி கிழித்தேன். குப்பென்று பிடித்துக்கொண்டது.  பம்பாய்க் கடலுக்கு அடியில் எண்ணெய் வந்துவிட்டது என்று அப்போதுதான் பேப்பரில் படித்திருந்தோம். கடலுக்கு அடியில் வரும்போது கூரத்தில் வராதா? சுற்று வட்டாரத்தில் டீசல் வாடைக்கே வழியில்லாத கிணறு. எண்ணெய் பூமியிலிருந்துதான் வரவேண்டும், வேறு எங்கிருந்து வரும்?

மூத்த டிரைவரைப் பிடித்து இழுத்துப்போய்க் காட்டினேன். மனிதர் தோற்றுவிட்டேன் என்று வாய்விட்டுச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக நான் அவருக்கு இரண்டு வேளை சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். மூன்று நாளில் ஊரே கூரத்துக்குப் படையெடுத்தது. எண்ணெயைப் பார்க்க எல்லோரும் ஜட்காவில்தான் போனார்கள். குதிரைக்குக் கொள்ளு வைக்கிற அந்த ஜட்காக்காரன் நாளைக்கு நான்கு நடை அடித்தான். அப்போது அது எனக்குச் சிரிப்பாகப் படவில்லை.

மாமாவின் நிலத்தை ஒட்டி ஒரு காணி விலைக்கு வந்தது. மதராஸ்காரர் யாரோ வந்து பார்த்துவிட்டுப் போனார் என்றார்கள். அவருக்கு முன் நாம் முடித்துவிட வேண்டும் என்று மாமாவும் நானும் தீர்மானித்தோம். மாமாவிடம் பணமில்லை. என்னிடம் இருந்தது கார் ஒன்று. ஐயம்பேட்டையில் அப்பா விட்டுப்போன என் பங்கு நிலத்தை விற்று வாங்கிய கார். அதை வைத்துத்தான் நானும் என் மனைவியும் இரண்டு பெண்களும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். ஒரு பட்டுக்கடை முதலாளி காரை எடுத்துக்கொள்ளச் சம்மதித்தார். வெள்ளிக்கிழமை கிணற்றடியிலேயே அவருடைய ஆள் பணம் கொடுப்பது, நான் சாவியைக் கொடுப்பது, அந்தப் பணத்தை அங்கேயே காணிக்காரருக்கு முன்பணமாக மாற்றிவிடுவது என்று பேச்சு.

என் மனைவி அடுப்பைப் பார்த்துக்கொண்டே பேசினாள். "மண்ண வித்து காரு வாங்கினீங்க. இப்ப கார வித்து மண்ணு வாங்கறீங்க. நடுவுல இந்தப் பொண்ணுங்க இன்னா சாப்பிடும்?" என்றாள். பைப்புக்காரரை ஒரு வார்த்தை கேளுங்கள் என்றும் சொன்னாள். நான் கேட்கத் தயாராக இல்லை. கேட்டால் என்ன சொல்வார்? நான் பாக்கலபா என்பார். அந்த வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

ஆனால் தேரடிப் பேச்சாளர் விடவில்லை. இந்த முறை கிணற்றிலேயே எண்ணெய் இருக்கிறது, ஆளும் பார்த்ததைத்தான் சொல்வார், பார்க்கட்டும், சொல்லட்டும் என்றார். அந்த வாதம் எனக்கும் பிடித்திருந்தது. அவர் பார்த்துவிட்டு ஆம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் உலகத்தில் எவனாலும் எண்ணெய் இல்லை என்று சொல்ல முடியாது.

அவர் பத்து நாளாக ஓரிக்கையில், பாலாற்றங்கரையில் கொட்டகை போட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை காலை நானே காரில் போய் அழைத்தேன். கிணற்றில் எண்ணெய் வந்திருக்கிறது என்றேன். "எந்தக் கெணறு?" என்றார். மாமா கிணறு என்றதும் கையிலிருந்த மண்ணை அட்டையில் வைத்துவிட்டு, கழுவாத கையோடு ஏறி உட்கார்ந்தார்.  கூரம் வரைக்கும் நான் வாய் ஓயாமல் பேசினேன். காரை விற்பது, காணி வாங்குவது, எல்லாம். அவர் தன் கையையே பார்த்துக்கொண்டு வந்தார்.

கிணற்றைச் சுற்றித் திருவிழாக் கூட்டம். மாமா வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். பட்டுக்கடை ஆள் துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். பேச்சாளர் பைப்புக்காரரைக் கைபிடித்து அழைத்துப்போனார். இவர் படியில் இறங்கி, குந்தி உட்கார்ந்து, உள்ளங்கையில் கொஞ்சம் அள்ளி முகர்ந்தார். விரலில் தேய்த்தார்.  பிறகு மெதுவாக மேலே வந்தார்.

"சொல்லுங்க, இது எண்ணெய்தானே?" என்றார் பேச்சாளர்.

"எண்ணெய்தான்."

கூட்டம் கை தட்டியது. நான் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்துவிட்டேன். பைப்புக்காரர் கை தட்டல் அடங்கும்வரை நின்றார். என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"டீசலு. நான் ஊத்தினது."

யாருக்கும் புரியவில்லை. அவர் எல்லோருக்கும் கேட்கும்படி மறுபடி சொன்னார். "போன வருசம் இங்க போர் போட சொல்ல, அறுவது அடியில பைப்பு களிமண்ணுல மாட்டிக்கிச்சு. ஆளுங்க சாப்புடப் போயிருந்தாங்க. எண்ணெய் தேடின கேம்ப்புல பைப்பு மாட்டிக்கினா டீசல ஊத்தி ஊற வச்சு இழுப்பாங்க. நானும் ரெண்டு டின் ஊத்தினேன். பைப்பு வந்துடுச்சு. டீசல எறச்சுட்டேன்னு நெனச்சேன். களிமண்ணுல தங்கிக்கினு இருந்திருக்குது. இப்ப தண்ணி எறங்கவும் கசியுது. அன்னிக்கே வூட்டுக்காரர்கிட்ட சொல்லியிருக்கணும். கேக்கல, சொல்லல. அது என் தப்பு."

நான் விடவில்லை. கையில் சாவியோடு நின்றவன் எப்படி விடுவான்? அவர் ஆயுதத்தையே எடுத்து அவர்மேல் வீசினேன். "அண்ணா, அதுக்குக் கீழ நெஜமாவே எண்ணெய் இருக்கலாம் இல்ல? இல்லன்னு நீங்க பாத்தீங்களா?" என்றேன்.

"பாக்கல. கீழ இருக்கலாம், இல்லாமயும் போவலாம். நான் ஊத்தினத நான் பாத்தேன். இத நம்பி வண்டிய விக்காதப்பா."

பட்டுக்கடை ஆள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பேச்சாளரைக் காணவில்லை. கூட்டத்தில் எவனோ சிரிக்க ஆரம்பித்தான், அது பரவியது. அரபு நாட்டிலிருந்து கப்பலில் வந்த எண்ணெயைக் கூரத்தில் தோண்டி எடுத்தார்கள் என்று ஜட்காக்காரன் சத்தமாகச் சொன்னான். மாமா பைப்புக்காரரின் சட்டையைப் பிடித்துவிட்டார். "குடிக்கிற தண்ணில ஊத்திட்டு ஒரு வருசமா என் மச்சானோட டீ குடிச்சுக்கினு இருந்தியா?" என்று கேட்டார். இவர் சட்டையை விடுவித்துக்கொள்ளக்கூட இல்லை. அக்காதான் வந்து மாமாவின் கையை எடுத்துவிட்டாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? காரை எடுத்துக்கொண்டு தனியாக ஊருக்கு வந்துவிட்டேன். நானே அழைத்துப்போன மனிதரை அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். இதை எழுதும்போது கூட முகம் சுடுகிறது. கொட்டகைக்குப் போய்க் கூரம் என்று எழுதிய அட்டைக் கட்டை இழுத்துப் பிரித்தேன். பொய் சொல்லியிருப்பார் என்று ஒரு நப்பாசை. அறுபதாவது அடி அட்டையில் பென்சில் எழுத்து தெளிவாக இருந்தது. களி, பைப்பு மாட்டியது, டீசல் இரண்டு டின். ஒரு வருடமாக நான் டீ குடிக்கிற இடத்திலிருந்து இருபது எட்டு தூரத்தில் அது தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

வீட்டில் விஷயத்தைச் சொன்னேன். என் மனைவி முகத்தை மூடிக்கொண்டு சிறிது நேரம் அழுதாள். பிறகு, "அந்த மனுசன் எதுல வர்றாரு?" என்றாள். அங்கேயே விட்டுவிட்டு வந்ததைச் சொன்னேன். "போய் ஏத்திக்கினு வாங்க" என்றாள். அவள் எனக்கு அப்படி உத்தரவு போட்டது அதுதான் முதல்முறை.

பாதி வழியில் நடந்து வந்துகொண்டிருந்தார். வண்டியை நிறுத்தினேன். ஏறி உட்கார்ந்தார். கொஞ்ச தூரம் போன பிறகு, "வண்டி விக்கலியே?" என்றார். இல்லை என்றேன். "சரி" என்றார். அந்த ஒரு சரியில் என் கோபமெல்லாம் கரைந்துவிட்டது. அவர் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போயிருக்கலாம், எல்லோரும் அவர் வழக்கம்தானே என்று விட்டிருப்பார்கள். என் பெண்கள் தெருவுக்கு வந்திருப்பார்கள், அவர் பேர் கெட்டிருக்காது. இப்போது அவர் பேர் கெட்டது. ஒரே வாரத்தில், பேசி வைத்திருந்த மூன்று வேலைகள் தேங்காய்க்காரர்களிடம் போயின. கிணற்றில் டீசல் ஊற்றுகிறவன் என்று வெளியூர்வரை பரவிவிட்டது.

ஓரிக்கை வேலையை அப்படியே போட்டுவிட்டு மறுநாளே கூரத்துக்குக் கிளம்பினார். தினமும் காலையில் நான்தான் கொண்டுபோய் விட்டேன். வைக்கோலைப் பரப்பி மேலே மிதக்கிற படலத்தை அதில் ஒட்டவைத்து வாரி எடுத்தார். குழாயை முழுக்க மேலே இழுத்து, துடைத்து, மறுபடி இறக்கினார். நாள் முழுக்க இறைத்துத் தரிசில் விட்டார். மாமா கிணற்றுப் பக்கமே வரவில்லை. அக்கா இரண்டு வயல் தாண்டி வேறு கிணற்றிலிருந்து இடுப்பில் குடம் சுமந்தாள். அவள் போகும்போதும் வரும்போதும் இவர் வேலையை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொள்வார். ஒவ்வொரு நாள் முடிவிலும் புதுத் தண்ணீர் ஊறியதும் ஒரு வாய் எடுத்து, நாக்கில் வைத்திருந்து, துப்புவார். "இன்னும் இருக்குது" என்பார். எனக்கு ஐந்தாம் நாளிலேயே ஒரு வாடையும் தெரியவில்லை. சொன்னேன். அவர் மறுபடி வைக்கோலைப் பரப்பினார்.

பத்தாம் நாள் காலையில் போய் இறங்கியதும் ஒரு வாய் எடுத்தார். துப்பவில்லை. விழுங்கிவிட்டு இன்னொரு வாய் குடித்தார். அரை நாள் பொறுத்து, வெயில் ஏறிய பிறகு மறுபடி குடித்துப் பார்த்தார். அக்கா குடத்தோடு வந்து நின்றாள். மாமா அன்றுதான் முதல்முறையாகக் கிணற்றடிக்கு வந்து, கொஞ்சம் தள்ளி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"தண்ணி நல்லா இருக்குதாண்ணா? சோறாக்கலாமா?" என்று அக்கா கேட்டாள்.

"இன்னிக்கு நல்லா இருக்குதும்மா."

"நாளைக்கு?" என்றேன் நான்.

"நாளைக்கு இன்னும் பாக்கல. காத்தால வந்து பாக்கறேன்."

அக்கா மாமாவைப் பார்த்தாள். நல்லா இருக்குது என்று அந்த ஊரில் பத்து பேர் சொல்லத் தயாராக இருந்தார்கள், ஐந்தாம் நாளே நான் சொன்னேன். எங்கள் பேச்சுக்கு அவள் குடத்தை இறக்கவில்லை. மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அந்தாளு தன் பொழப்பு போவும்னு தெரிஞ்சே சொன்னவரு. அவரு நல்லா இருக்குதுன்னா நல்லாத்தான் இருக்கும். ஒலைய வை" என்றார்.

அக்கா அந்தத் தண்ணீரிலேயே அரிசி களைந்து, அந்தத் தண்ணீரிலேயே உலை வைத்தாள். மாமா, பைப்புக்காரர், நான் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தோம். மாமா எழுந்து சட்டியை வாங்கி, பைப்புக்காரர் இலையில் தன் கையால் சோறு போட்டார்.